கொடை மலையில் கதிரவனைக் கற்றவர்

கொடைக்கானலிலிருந்து மேற்கு நோக்கி மலைச்சாலையில் ஏறத்தாழப் பதினெட்டுக் கிலோமீட்டர் சென்றால் பூம்பாறை என்னும் சிற்றூரை அடையலாம். சாலையின் வளைவில் நின்று கீழே நோக்குவோர்க்கு நடுவே நெருங்கி நிற்கும் வீடுகளும், குழந்தை வேலப்பர் கோயிலும், சுற்றிலும் படிப்படியாக இறங்கும் வயல்களும் ஓவியம் போலத் தோன்றும். இம்மலைப் பகுதியில் விளையும் பூண்டுக்கு 2019-ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு கிடைத்தது. அதனால் பூம்பாறையின் பெயர் ஊரெங்கும் பரவிற்று.

அந்த வயலில் வேலை செய்யும் உழவரின் கையிலிருக்கும் மண்வெட்டி இரும்பாலானது. அவர் வெற்றிலையில் தடவும் சுண்ணாம்பில் கால்சியம் இருக்கிறது. கஞ்சியில் இடும் உப்பில் சோடியம் இருக்கிறது. இந்த இரும்பும் கால்சியமும் சோடியமும் அவருடைய தலைக்கு மேலே, பதினைந்து கோடிக் கிலோமீட்டர் தொலைவில் ஒளிரும் கதிரவனிலும் இருக்கின்றன. எவரும் சென்று தொட்டுப் பார்க்க இயலாத அந்த நெருப்புக் கோளத்தில் இன்னின்ன பொருள்கள் உள்ளன என்று மனிதன் எவ்வாறு அறிந்தான்? அப்பொருள்களின் அணுக்கள் எவ்வாறு அமைந்தவை என்று எவ்வாறு கண்டான்? இக்கேள்விகளுக்கு விடை தேடிய உலகளாவிய முயற்சியில் நம் பழனி மலைத்தொடருக்கும் ஒரு பங்கு உண்டு. அப்பங்கினைத் தேடித் தந்தவர்களுள் முதன்மையானவர் ஜான் எவர்ஷெட் என்னும் ஆங்கிலேய அறிஞர் ஆவார்.

பட்டம் பெறாத ஆய்வாளர்

எவர்ஷெட் 1864-ஆம் ஆண்டு பிப்ரவரி 26-ஆம் நாள் இங்கிலாந்தின் சரே மாவட்டத்திலுள்ள கோம்ஷால் என்னும் ஊரில் பிறந்தார். வானியலில் பேர்பெற்ற அறிஞர் பலரைப் போல அவர் பல்கலைக்கழகத்தில் பயின்று பட்டம் பெற்றவர் அல்லர். இலண்டனில் எண்ணெய்களையும் வேதிப்பொருள்களையும் பகுத்தாயும் ஒரு நிறுவனத்தில் வேலை பார்த்தே வாழ்க்கை நடத்தினார். பகற்பொழுதெல்லாம் பிழைப்புக்கு, எஞ்சிய பொழுதெல்லாம் வானுக்கு என்று வாழ்ந்தார்.

1890-ஆம் ஆண்டில் கென்லி என்னும் ஊரில் தம் சொந்தச் செலவில் சிறிய வானாய்வகம் ஒன்றை அமைத்துக்கொண்டார். கதிரவனின் விளிம்பிலிருந்து எழும் சுடர்க்கொழுந்துகளை நாள்தோறும் கண்டு குறித்துவைத்தார். அவருடைய ஆர்வத்தைக் கண்டு மகிழ்ந்த ரான்யார்டு என்னும் வானியல் அன்பர், 1894-இல் தாம் மறைந்தபோது தம்முடைய பதினெட்டு அங்குலத் தொலைநோக்கி அவரைச் சேருமாறு செய்தார். கருவி கிடைத்ததே தவிர அதனைக் கையாளக் கற்பிக்க ஆசிரியர் எவரும் இல்லை. கண்ணாடியைத் தேய்ப்பதும், மரச்சட்டம் அமைப்பதும், ஒளிப்படத் தகட்டைக் கழுவுவதும் ஆகிய அனைத்தையும் தாமே செய்து பழகினார். இப்பழக்கமே பிற்காலத்தில் கொடை மலையின் உச்சியில் அவருக்குக் கைகொடுத்தது.

ஒளியில் எழுதிய எழுத்து

எவர்ஷெட்டின் பணியை உணர்ந்துகொள்ள, அவர் காலத்தில் அணுவைப் பற்றி உலகம் கொண்டிருந்த கருத்தை நாம் அறிதல் வேண்டும். 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் டால்ட்டன் என்னும் அறிஞர், ஒவ்வொரு தனிமமும் பிளக்க முடியாத அணுக்களால் ஆனது என்றும், ஒரு தனிமத்தின் அணுக்கள் அனைத்தும் ஒரே தன்மையன என்றும் நிறுவ முயன்றார். அவருடைய அணு, உள்ளே எதுவும் இல்லாத திண்மையான உருண்டை. வேதியியலுக்கு அவ்வுருண்டையே அந்நாளில் போதுமானதாக இருந்தது.

ஆனால் ஒளி வேறு கதை சொல்லிற்று. 1814-ஆம் ஆண்டில் பிரான்ஹோபர் என்னும் செருமானியர் கதிரவன் ஒளியை முப்பட்டகத்தின் வழியே விரித்துப் பார்த்தபோது, அந்த நிறமாலையில் நூற்றுக்கணக்கான கருங்கோடுகள் இருக்கக் கண்டார். 1859-ஆம் ஆண்டையொட்டிக் கிர்க்காஃபும் பன்சனும் அக்கோடுகளின் மறைபொருளை வெளிப்படுத்தினர். ஒவ்வொரு தனிமமும் தனக்கேயுரிய இடங்களில் கோடுகளை உண்டாக்கும். சோடியத்திற்கு மஞ்சளில் இரு கோடுகள். இரும்பிற்கு ஆயிரக்கணக்கான கோடுகள். மனிதருக்குக் கைரேகை எவ்வாறோ தனிமத்திற்கு நிறமாலை அவ்வாறு என்பது தெளிவாயிற்று.

1868-ஆம் ஆண்டு ஆகஸ்டு 18-ஆம் நாள் நிகழ்ந்த முழுச் சூரிய கிரகணம் இவ்வகையில் தென்னகத்திற்குப் பெருமை சேர்த்தது. குண்டூரில் முகாமிட்டிருந்த பிரெஞ்சு அறிஞர் ஜான்சென் கதிரவனின் சுடர்க்கொழுந்துகளை நிறமாலைமானி கொண்டு ஆராய்ந்தார். சென்னை வானாய்வகத் தலைவர் போக்சன் மசூலிப்பட்டினத்தில் இருந்து நோக்கினார். அவ்வாண்டின் ஆய்வுகளில் தென்பட்ட மஞ்சட்கோடு ஒன்று அதுவரை அறிந்த எத்தனிமத்தோடும் பொருந்தவில்லை. கதிரவனின் கிரேக்கப் பெயரால் அதற்கு ஹீலியம் என்று பெயரிட்டனர். இருபத்தேழு ஆண்டுகள் கழித்து, 1895-இல்தான் ராம்சே அத்தனிமத்தைப் பூவுலகில் கண்டறிந்தார்.

கோடுகள் உள்ளன, அவை ஏன் அவ்விடங்களில் உள்ளன என்பதுதான் ஒருவருக்கும் விளங்கவில்லை. 1885-ஆம் ஆண்டில் பாமர் என்னும் சுவிட்சர்லாந்துப் பள்ளியாசிரியர், ஹைட்ரஜனின் கோடுகள் அமைந்த இடங்கள் ஓர் எளிய எண்கணித விதிக்குக் கட்டுப்படுவதைக் கண்டார். சிவப்பில் ஒன்று, நீலப்பச்சையில் ஒன்று, ஊதாவில் சில என்று அக்கோடுகள் மேன்மேலும் நெருங்கிச் சென்று, 3646 ஆங்ஸ்ட்ராம் என்னும் எல்லையில் முடிந்துவிடும். விதி சரியாக இருந்தது. காரணம் மட்டும் இருளில் இருந்தது. திண்மையான உருண்டை இத்தனை ஒழுங்கோடு ஒளிவிடுமா? 1897-இல் ஜே. ஜே. தாம்சன் எலக்ட்ரானைக் கண்டறிந்து, நேர்மின்னூட்டம் பரவிய கோளத்தினுள் எலக்ட்ரான்கள் பதிந்துள்ள புதிய அணு வடிவத்தை 1904-இல் விரித்துரைத்தார். ஆனால் அவ்வடிவமும் கோடுகளுக்கு விடை கூறவில்லை.

தால்னியில் கிடைத்த சான்று

1898-ஆம் ஆண்டு சனவரி 22-ஆம் நாள் இந்தியாவில் மற்றொரு முழுச் சூரிய கிரகணம் நிகழ்ந்தது. எவர்ஷெட் முதன்முறையாக நம் நாட்டு மண்ணை மிதித்தது அப்போதுதான். மகாராட்டிரப் பகுதியிலுள்ள தால்னி என்னும் ஊரில் தம் கருவியை நிறுவினார். கிரகணம் முழுமை பெற்ற அச்சில நொடிகளில் கதிரவன் விளிம்பின் நிறமாலையை ஒளிப்படத் தகட்டில் பதிவு செய்தார்.

தகட்டைக் கழுவிப் பார்த்தபோது ஹைட்ரஜனின் கோடுகள் வரிசையாக நின்றன. பாமர் கூறிய எல்லைக்குப் பின்னும் ஒளி முடிந்துவிடவில்லை. அவ்வெல்லைக்கு அப்பால், கோடுகளாகப் பிரியாமல், தொடர்ச்சியான மெல்லிய ஒளிப்பட்டை ஒன்று புறஊதாப் பகுதிக்குள் நீண்டு சென்றது. விதி முடிந்த இடத்தில் ஒளி ஏன் தொடர்கிறது? அன்றைய அணுக் கொள்கை எதுவும் இதற்கு விடை தரவில்லை. எவர்ஷெட் கண்டதைக் கண்டவாறே பதிவு செய்து வெளியிட்டுவிட்டுத் தம் தொழிலுக்குத் திரும்பினார். விடை கிடைக்கப் பதினைந்து ஆண்டுகள் காத்திருக்க வேண்டியிருந்தது.

பஞ்சத்தில் பிறந்த ஆய்வகம்

கொடைக்கானலில் கதிரவன் ஆய்வகம் தோன்றிய வரலாறு நெஞ்சை உருக்குவது. 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தைக் கொடிய பஞ்சம் வாட்டியது. இலட்சக்கணக்கான ஏழை மக்கள் உணவின்றி மாண்டனர். மழை பொய்ப்பதற்கும் கதிரவனில் தோன்றும் கரும்புள்ளிகள் கூடிக் குறைவதற்கும் தொடர்பு இருக்கக்கூடும் என்று அக்கால அறிஞர் சிலர் எண்ணினர். கதிரவனை இடையறாது கவனித்தால் மழையை முன்னறிந்து பஞ்சத்தைத் தடுக்கலாம் என்ற நம்பிக்கை பிறந்தது.

இதற்கென நீலகிரியிலும் பழனி மலையிலும் இடம் தேடினர். சென்னை வானாய்வகத்தின் பொறுப்பில் இருந்த மிச்சி ஸ்மித் பல நாள் ஆராய்ந்து, கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,340 மீட்டர் உயரத்திலுள்ள கொடைக்கானல் குன்றைத் தேர்ந்தார். 1895-இல் ஆளுநர் வென்லாக் அடிக்கல் நாட்டினார். 1899-இல் ஆய்வகம் சென்னையிலிருந்து மலைக்கு மாறியது. 1901-இல் முறையான ஆய்வுகள் தொடங்கின. மோட்டார்ச் சாலை அமையாத அக்காலத்தில், நுண்ணிய கண்ணாடிகளும் கனத்த இரும்புச் சட்டங்களும் செங்குத்தான மலைப்பாதையில் மனிதர்தம் உழைப்பால் மேலேறின. அச்சுமைகளைத் தூக்கிச் சென்றோரின் பெயர்களை எந்த ஏடும் குறித்து வைக்கவில்லை. அவர்கள் தோள்வலி இல்லையேல் அந்த ஆய்வகமும் இல்லை.

கரும்புள்ளிகளைக் கொண்டு மழையைக் கணிக்கலாம் என்ற எதிர்பார்ப்பு நினைத்தவாறு நிறைவேறவில்லை. எனினும் பஞ்சத்தின் கண்ணீரில் பிறந்த அந்த ஆய்வகம், மனிதகுலத்திற்கு வேறொரு செல்வத்தைத் தேடித் தந்தது.

மலைக்கு வந்த தம்பதியர்

கொடைக்கானலில் உதவியாளர் பதவிக்குத் தகுதியானவர் ஒருவர் வேண்டப்பட்டபோது, நிறமாலை ஆய்வில் முன்னோடியான ஹக்கின்ஸ் எவர்ஷெட்டின் பெயரைப் பரிந்துரைத்தார். நாற்பத்திரண்டு வயதில், பழகிய தொழிலையும் நாட்டையும் விட்டு நீங்க எவர்ஷெட் முடிவு செய்தார். 1906-இல் மேரி ஆக்வர்த் ஆர் என்னும் பெண்மணியை மணந்துகொண்டார். இருவரும் 1896-ஆம் ஆண்டில் கிரகணம் காண நார்வே சென்ற பயணத்தில் அறிமுகமானவர்கள். அன்று மேகம் மூடிக் கிரகணம் தெரியாமற் போயிற்று. வாழ்நாள் துணை மட்டும் கிடைத்தது.

தம்பதியர் அமெரிக்கா, சப்பான் வழியாகப் பயணம் செய்து, 1907 சனவரியில் கொடைக்கானலை வந்தடைந்தனர். வழியில் அமெரிக்காவின் வில்சன் மலையில் ஹேல் என்னும் பேரறிஞரின் ஆய்வுமுறைகளை எவர்ஷெட் நேரில் கண்டறிந்தார்.

மேரியும் சிறந்த வானியலாளரே. தென்வானத்து விண்மீன்களை அடையாளம் காட்டும் நூலும், தாந்தேயின் காவியத்தில் பயிலும் வானியல் பற்றிய ஆழ்ந்த ஆய்வு நூலும் அவர் படைப்புகள். ஆய்வகத்தில் பதவியோ ஊதியமோ இன்றி அவர் கணவரோடு இணைந்து உழைத்தார். கென்லியிலும் கொடைக்கானலிலும் 1890 முதல் 1914 வரை குறித்த கதிரவச் சுடர்க்கொழுந்துகள் அனைத்தையும் தொகுத்து ஆராய்ந்து இருவரும் 1917-இல் வெளியிட்ட ஏடு, அத்துறையில் பல்லாண்டுக் காலம் மேற்கோளாக விளங்கிற்று. சீதாராம ஐயர், நாகராஜ ஐயர் போன்ற நம் நாட்டு உதவியாளர்கள் நாள்தோறும் கருவிகளை இயக்கியும் தகடுகளை அளந்தும் கணக்கிட்டும் அப்பணிக்குத் தூணாக நின்றனர்.

1909 சனவரி 5

எவர்ஷெட் வந்த நாளில் ஆய்வகத்தின் கருவிகள் சில செப்பமின்றி இருந்தன. அவர் அவற்றைச் சீர்செய்தார். புதியன சிலவற்றைத் தாமே கட்டினார். மைக்கல்சன் நுண்கோடுகள் வரைந்து உருவாக்கிய கீற்றணித் தகடு ஒன்றைக் கொண்டு ஆற்றல் மிக்க நிறமாலைவரைவி ஒன்றை அமைத்தார்.

அதற்கு முந்தைய ஆண்டான 1908-இல் ஹேல் கரும்புள்ளிகளில் காந்தப்புலம் இருப்பதைக் கண்டறிந்திருந்தார். காந்தப்புலத்தில் நிறமாலைக் கோடு பிளவுபடும் என்று சீமன் 1896-இல் காட்டிய விதியே அதற்கு அடிப்படை. கரும்புள்ளிகள் நீர்ச்சுழி போலச் சுழல்வன என்ற கருத்து அப்போது வலுப்பெற்றிருந்தது. சுழற்சி உண்மையாயின் புள்ளியின் ஒரு பக்கத்து வாயு நம்மை நெருங்கவும் மறுபக்கத்து வாயு நம்மை விட்டு விலகவும் வேண்டும். நெருங்கி வரும் பொருளின் கோடுகள் ஊதாப் பக்கமும் விலகிச் செல்லும் பொருளின் கோடுகள் சிவப்புப் பக்கமும் சற்றே நகரும். இது டாப்ளர் விளைவு எனப்படும். அச்சுழற்சியை அளந்துவிட வேண்டும் என்பதே எவர்ஷெட்டின் நோக்கம்.

1909-ஆம் ஆண்டு சனவரி 5-ஆம் நாள் வானம் தெளிந்து, கதிரவனின் உருவம் அசைவின்றி நின்றது. கரும்புள்ளியின் குறுக்கே கருவியின் பிளவை வைத்து எவர்ஷெட் நிறமாலையைப் பதிவு செய்தார். கோடுகள் நகர்ந்திருந்தன, ஆனால் அவர் எதிர்பார்த்த வகையில் நகரவில்லை. கதிரவத் தட்டின் மையத்தையும் புள்ளியையும் இணைக்கும் திசையில் பிளவை வைத்தபோது நகர்வு மிகுதியாக இருந்தது. அதற்குக் குறுக்காக வைத்தபோது நகர்வு இல்லை. சுழற்சியாயின் இது தலைகீழாக இருந்திருக்க வேண்டும். மேலும், புள்ளியின் மையப் பக்கத்து விளிம்பில் கோடுகள் ஊதாவை நோக்கியும், எதிர்ப்பக்கத்து விளிம்பில் சிவப்பை நோக்கியும் நகர்ந்தன. தட்டின் நடுவே நின்ற புள்ளிகளில் நகர்வே காணப்படவில்லை.

இவை அனைத்திற்கும் பொருந்தும் விடை ஒன்றே. கரும்புள்ளியின் நடுவிலிருந்து வாயு நாற்புறமும் வெளிநோக்கி, கதிரவனின் மேற்பரப்பை ஒட்டிக் கிடைமட்டமாகப் பாய்கிறது. அதன் வேகம் நொடிக்கு ஏறத்தாழ 2 கிலோமீட்டர். மதுரையிலிருந்து திண்டுக்கல்லை அரை நிமிடத்தில் கடக்கும் வேகம் அது. அவ்வேகத்தால் கோடு நகரும் அளவோ ஓர் ஆங்ஸ்ட்ராமின் நூற்றில் சில பங்குதான். இத்துணை நுண்ணிய நகர்வை அளப்பதற்கு, எதிர்ப்படிமத் தகட்டின் மீது அதன் நேர்ப்படிமத்தைத் திருப்பிவைத்துப் பொருத்திப் பார்க்கும் நுட்பத்தையும் அவர் கையாண்டார். கால்சியத்தின் கோடுகளைக் கொண்டு மேலடுக்கை ஆராய்ந்தபோது அங்கே வாயு உள்நோக்கிப் பாய்வதையும் கண்டார்.

எதிர்பார்த்தது கிடைக்கவில்லையே என்று அவர் தகட்டைப் புறந்தள்ளவில்லை. கொள்கைக்கேற்பக் கணக்கை வளைக்கவும் இல்லை. இக்கண்டுபிடிப்பு இன்று உலகெங்கும் எவர்ஷெட் விளைவு என்றே வழங்குகிறது. அதன் நூற்றாண்டையொட்டி 2008-ஆம் ஆண்டில் இந்திய அஞ்சல் துறை சிறப்பு அஞ்சல்தலை வெளியிட்டது.

ரூதர்போர்டின் மாணவர் கொடை மலையில்

1911-இல் மிச்சி ஸ்மித் ஓய்வு பெற, எவர்ஷெட் ஆய்வகத்தின் தலைவரானார். துணைத்தலைவராக வந்து சேர்ந்தவர் தாமஸ் ராய்ட்ஸ். அணுவின் வரலாற்றை நேரில் கண்டவர் அவர். மான்செஸ்டரில் ரூதர்போர்டோடு சேர்ந்து, ஆல்பாத் துகள் என்பது எது என்ற கேள்விக்கு 1908-இல் முடிவான விடை கண்ட இளைஞர் அவரே.

அச்சோதனை எளிமையில் அழகானது. ஆல்பாத் துகள்கள் ஊடுருவக்கூடிய அளவுக்கு மெல்லிய சுவர் கொண்ட கண்ணாடிக் குழாயில் கதிரியக்க வாயுவை அடைத்தனர். அதனைச் சூழ்ந்து காற்று நீக்கிய மற்றொரு குழாயை அமைத்தனர். இரண்டு நாள்கள் கழித்து வெளிக்குழாயில் மின்சாரத்தைச் செலுத்தியபோது ஹீலியத்தின் மஞ்சட்கோடு மங்கலாகத் தெரிந்தது. ஆறாம் நாளில் ஹீலியத்தின் முதன்மையான கோடுகள் அனைத்தும் ஒளிர்ந்தன. ஆல்பாத் துகள் மின்னூட்டம் பெற்ற ஹீலியமே என்பது உறுதியாயிற்று. 1868-இல் கதிரவனில் தென்பட்ட அதே மஞ்சட்கோடு, அணுவின் உள்ளமைப்பை அறியும் பாதையில் சான்றாக வந்து நின்றது.

அதே ஆல்பாத் துகள்களை மெல்லிய பொன் தகட்டின் மீது கைகரும் மார்ஸ்டனும் செலுத்தினர். பெரும்பாலானவை ஊடுருவிச் சென்றன. மிகச் சிலவோ மோதித் திரும்பின. 1911-இல் ரூதர்போர்டு அதன் பொருளை வெளியிட்டார். அணுவின் நிறை ஏறத்தாழ முழுவதும் நடுவிலுள்ள மிகச்சிறிய அணுக்கருவில் அடங்கியுள்ளது. அக்கருவின் அளவு அணுவின் அளவில் பல்லாயிரத்தில் ஒரு பங்கு. எஞ்சியது பெரும்பாலும் வெற்றிடம். தாம்சனின் கோளம் மறைந்து, கருவைச் சுற்றி எலக்ட்ரான்கள் இயங்கும் அணு தோன்றியது.

அவ்வணுவிலும் ஓர் இடர் இருந்தது. சுற்றும் எலக்ட்ரான் இடையறாது ஒளிவிட்டு, ஆற்றல் இழந்து, கணப்பொழுதில் கருவில் விழுந்துவிட வேண்டும் என்றது பழைய இயற்பியல். 1913-இல் நீல்ஸ் போர் துணிவான தீர்வை முன்வைத்தார். எலக்ட்ரான் குறிப்பிட்ட சில பாதைகளில் மட்டுமே இருக்கும். மேல்பாதையிலிருந்து கீழ்ப்பாதைக்குத் தாவும்போது மட்டும் ஒளியை வெளியிடும். மூன்றாம் பாதையிலிருந்து இரண்டாம் பாதைக்குத் தாவினால் ஹைட்ரஜனின் சிவப்புக்கோடு. நான்காவதிலிருந்து இரண்டாவதற்குத் தாவினால் நீலப்பச்சைக்கோடு. பாமரின் எண்கணிதம் இவ்வாறு பொருள் பெற்றது.

தால்னியில் எவர்ஷெட் பதிவு செய்த மெல்லிய ஒளிப்பட்டையும் இப்போது பொருள் பெற்றது. அணுவினின்று பிரிந்து திரியும் எலக்ட்ரானுக்குக் குறிப்பிட்ட பாதை இல்லை. அது எவ்வேகத்திலும் செல்லலாம். அத்தகைய எலக்ட்ரான் ஹைட்ரஜனின் இரண்டாம் பாதையில் வந்து பிடிபடும்போது வெளிப்படும் ஒளியும் பல அளவினதாகும். ஆதலால் எல்லைக்கு அப்பால் கோடுகள் இன்றித் தொடர்பட்டை தோன்றுகிறது. அணுவின் உள்ளமைப்பைப் பற்றி ஏதும் அறியப்படாத நாளில் ஒருவர் நேர்மையாகப் பதிவு செய்த சான்று, அணுக்கொள்கை முதிர்ந்த நாளில் தானே பேசியது.

தவறும் திருத்தமும்

எவர்ஷெட்டின் வாழ்வில் நாம் பெரிதும் கற்கத்தக்க பகுதி இனி வருவது. கதிரவனில் காணும் இரும்புக் கோடுகளை ஆய்வுக்கூடத்து மின்வில்லில் காணும் இரும்புக் கோடுகளோடு ஒப்பிட்டால், கதிரவனின் கோடுகள் சற்றே சிவப்புப் பக்கம் தள்ளி நிற்கும். கதிரவ வளிமண்டலத்தின் அழுத்தமே இதற்குக் காரணம் என்று பலர் நம்பினர். எவர்ஷெட்டும் ராய்ட்ஸும் பல கோடுகளை அளந்து, அங்கே அழுத்தம் மிகக் குறைவு என்றும், அக்காரணம் பொருந்தாது என்றும் காட்டினர்.

அப்படியானால் வாயு நம்மை விட்டு விலகிச் செல்கிறதா? கதிரவனின் நடுவில் மட்டும் இந்நகர்வு இருந்தால் அவ்வாறு கொள்ளலாம். ஆனால் விளிம்பில் நகர்வு இன்னும் மிகுந்திருந்தது. கதிரவனின் எல்லாப் பக்கத்து வாயுவும் பூமியை விட்டு விலகி ஓடுகிறது என்றல்லவா கொள்ள வேண்டும்! எவர்ஷெட் அந்த விந்தையான முடிவையும் அஞ்சாமல் எடுத்துரைத்து, பூமி கதிரவ வாயுக்களைத் தள்ளுகிறதோ என்றுகூட எண்ணினார். அதனைச் சோதிக்க அருமையான வழி ஒன்றும் கண்டார். வெள்ளிக் கோள் கதிரவனின் பிறிதொரு பக்கத்தைப் பார்த்து நிற்கும்; அதனின்று எதிரொளித்து வரும் ஒளியை ஆய்ந்தால், பூமியை நோக்காத கதிரவ முகத்தின் கோடுகளை அளக்கலாம். மலையின் குளிரில் பல நாள் அவ்வொளியைத் தகட்டில் பிடித்து அளந்தார்.

இதற்கிடையே ஐன்ஸ்டைனின் பொதுச் சார்பியல் கொள்கை 1915-இல் முழுமை பெற்றது. ஈர்ப்பு மிகுந்த இடத்தில் காலம் மெதுவாக ஓடும் என்றும், ஒவ்வோர் அணுவும் ஒரு கடிகாரம் போன்றதாகலின் கதிரவனில் உள்ள அணுவின் கோடுகள் சிவப்புப் பக்கம் நகரும் என்றும் அக்கொள்கை உரைத்தது. நகர்வின் அளவு பத்து இலட்சத்தில் ஏறத்தாழ இரண்டு பங்கு; நொடிக்கு 0.63 கிலோமீட்டர் வேகத்திற்கு ஈடானது. தொடக்கத்தில் எவர்ஷெட்டின் அளவைகள் இக்கணக்கோடு சரிவரப் பொருந்தவில்லை. ஆதலின் அவர் ஐன்ஸ்டைனை ஏற்கவில்லை. அளவைகள் பெருகப் பெருக, பிறிதொரு விளக்கமும் நிலைக்காது என்று கண்டு, தம் முந்தைய கருத்தைக் கைவிட்டு ஈர்ப்பு நகர்வை ஏற்றுக்கொண்டார். நடுவிற்கும் விளிம்பிற்கும் உள்ள வேறுபாடு, கதிரவனின் மேற்பரப்பில் சூடான வாயு மேலெழுந்து கீழிறங்கும் கொதிப்பால் பெரிதும் விளைவது என்பது பின்னாளில் தெளிவாயிற்று.

அணுவின் வரலாறும் இத்தகையதே. டால்ட்டனின் உருண்டையும், தாம்சனின் கோளமும், ரூதர்போர்டின் கருவும், போரின் பாதைகளும் ஒன்றன்பின் ஒன்றாகத் திருத்தம் பெற்றன. 1925, 1926-ஆம் ஆண்டுகளில் ஐசன்பர்க், சுரோடிங்கர் ஆகியோரின் குவாண்டம் இயக்கவியல் வந்தபின் போரின் பாதைகளும் மறைந்து, எலக்ட்ரான் இன்ன இடத்தில் இருக்கக்கூடும் என்ற வாய்ப்பின் பரவலாக மாறிற்று. 1932-இல் சாட்விக் நியூட்ரானைக் கண்டபின் அணுக்கருவின் படமும் புதிதாயிற்று. படங்கள் மாறின, நேர்மையாக எடுத்த அளவைகள் மாறவில்லை.

அந்திமக் காலமும் அழியாப் புகழும்

எவர்ஷெட் 1915-இல் அரச கழகத்தின் உறுப்பினராகவும், 1918-இல் அரச வானியல் கழகத்தின் பொற்பதக்கம் பெற்றவராகவும் சிறப்பிக்கப்பட்டார். 1923-இல் ஓய்வு பெற்று இங்கிலாந்து திரும்பினார், ராய்ட்ஸ் தலைவரானார். ஓய்வு என்பது அவருக்குப் பதவியில் இருந்து மட்டுமே. யூகர்ஸ்ட் என்னும் ஊரில் மீண்டும் சொந்த ஆய்வகம் அமைத்து, திரவம் நிரப்பிய பெரிய முப்பட்டகங்களைக் கொண்டு முதுமையிலும் கதிரவனின் கோடுகளை அளந்துவந்தார். மேரி 1949-இல் மறைந்தார். எவர்ஷெட் 1956 நவம்பர் 17-ஆம் நாள், தொண்ணூற்றிரண்டாம் வயதில் உலக வாழ்வை நீத்தார்.

அவர் விட்டுச் சென்ற பணியை நம் நாட்டவர் ஏற்று வளர்த்தனர். 1920-இல் மேகநாத் சாகா, வெப்பத்தாலும் குறைந்த அழுத்தத்தாலும் அணுக்கள் எலக்ட்ரானை இழப்பதைக் கணக்கிடும் சமன்பாட்டை உலகிற்கு வழங்கினார். கொடைக்கானலில் நாள்தோறும் படமெடுத்துவந்த கால்சியக் கோடு, ஓர் எலக்ட்ரானை இழந்த கால்சியத்தினது என்பதும், அது கதிரவனின் உயர் அடுக்குகளில் ஏன் மிகுந்து தோன்றுகிறது என்பதும் அச்சமன்பாட்டால் விளங்கின. 1937-இல் நிறமாலை அறிஞர் ஏ. எல். நாராயண் ஆய்வகத்தின் தலைவராகி, அப்பதவியில் அமர்ந்த முதல் இந்தியர் என்ற பெருமை பெற்றார். 1960-இல் பொறுப்பேற்ற வைணு பாப்பு அதன் புகழை உலகறியச் செய்தார். 1971 முதல் அது இந்திய வானியற்பியல் நிறுவனத்தின் அங்கமாக விளங்குகிறது. ஒரு நூற்றாண்டுக்கும் மேலான கதிரவப் படங்கள் அங்கே பேணப்பட்டுக் கணினியில் ஏற்றப்பட்டுள்ளன. 2023 செப்டம்பர் 2-ஆம் நாள் கதிரவனை ஆராயப் புறப்பட்ட ஆதித்யா விண்கலத்தின் முதன்மைக் கருவியை உருவாக்கியதும் அதே நிறுவனமே.

மாணவச் செல்வங்களே! பட்டம் இல்லாமையும், கருவிக் குறையும், முதுமையும் எவர்ஷெட்டின் ஆர்வத்திற்குத் தடையாகவில்லை. தாம் எதிர்பாராததைக் கண்டபோது அதனை மறைக்காத உள்ளமும், தாம் நம்பியது பிழை என உணர்ந்தபோது அதனைக் கைவிடும் துணிவும் அவரை உயர்த்தின. தேர்வுக்கூடத்தில் எழுதும் ஓர் அளவையேனும் விடைக்கேற்பத் திருத்தாமல், கண்டதைக் கண்டவாறு எழுதும் பழக்கம் நமக்கு வாய்க்குமாயின், அதுவே அவருக்கு நாம் செலுத்தும் மரியாதையாகும்.

அடுத்த முறை பூம்பாறைச் சாலையில் செல்லும்போது, பூண்டு வயலில் வெயிலில் மின்னும் மண்வெட்டியைச் சற்றே நின்று பாருங்கள். அதே இரும்பின் கோடுகளைத்தான் இம்மலையின் உச்சியில் ஒருவர் பதினாறு ஆண்டுகள் அளந்துகொண்டிருந்தார்.